கம்பியில்லா உணரிகளும் மின்சிக்கனமும்: கோலார் தங்கவயல் கற்பிக்கும் பாடம்

இந்திய மின்சார வரலாற்றில் கோலார் தங்கவயலுக்குத் தனியிடம் உண்டு. காவிரியின் சிவசமுத்திர அருவியில் உற்பத்தியான மின்சாரம், சுமார் 150 கிலோமீட்டர் தொலைவு கம்பி வழியே கடந்து 1902ஆம் ஆண்டு இச்சுரங்கங்களை வந்தடைந்தது. பெங்களூர் நகரின் தெருக்களில் மின்விளக்கு எரிந்ததோ அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து, 1905இல்தான். 1880ஆம் ஆண்டு முதல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் ஆழப்படுத்திவந்த சுரங்கங்களில் நீரை இறைக்கவும், காற்றை உட்செலுத்தவும், தாதுவை மேலேற்றவும், பொடியாக்கவும் மிகுந்த மின்சாரம் தேவைப்பட்டது. அத்தேவையே நாட்டின் முதற்பெரும் நெடுந்தொலைவு மின்பாதைக்குக் காரணமாயிற்று.

நூறாண்டுகளுக்கு மேல் கழிந்துவிட்ட இன்று, அதே தங்கவயலை முன்னிறுத்தி இதற்கு நேர்மாறான வினா ஒன்றை எழுப்ப வேண்டியுள்ளது. ஆயிரக்கணக்கான குதிரைத்திறனை எவ்வாறு கொண்டுவருவது என்பதன்று இன்றைய வினா. ஓர் ஆம்பியரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கான மைக்ரோ ஆம்பியர் அளவில் மின்சாரத்தை எண்ணி எண்ணிச் செலவிட்டு, கம்பியும் காவலும் இன்றி ஒரு சிறு கருவியைப் பத்தாண்டுக் காலம் இயங்கச் செய்வது எவ்வாறு என்பதே அது. கம்பியில்லா உணரி வலையமைப்பு என வழங்கும் தொழில்நுட்பத்தின் உயிர்நிலை இவ்வினாவிலேயே அடங்கியுள்ளது.

பாறையின் ஒலியைக் கேட்ட ஊர்

உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாக விளங்கியது சாம்பியன் ரீஃப். அது தரைமட்டத்திலிருந்து 3 கிலோமீட்டருக்கும் கீழே சென்றது. அத்தகைய ஆழத்தில் மேலிருக்கும் பாறையின் சுமை அளவு கடந்தது. தாதுவை வெட்டியெடுத்த வெற்றிடத்தைச் சுற்றிலும் அழுத்தம் திரண்டு, ஒரு கட்டத்தில் பாறை தானே சிதறி வெடிக்கும். முன்னறிவிப்பின்றி நிகழும் இப்பாறை வெடிப்புகள் பல தொழிலாளர்களின் உயிரைக் குடித்தன. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் ஆகிய மாவட்டங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்து, ஆண்டர்சன்பேட்டை, மாரிக்குப்பம், உரிகம் ஆகிய இடங்களைச் சுற்றிய குடியிருப்புகளில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த அபாயம் அன்றாட வாழ்வின் ஒரு பகுதியாகவே இருந்தது.

ஆகவே, பாறையின் அசைவைக் கருவிகொண்டு பதிவு செய்யும் முயற்சி இங்கே நெடுங்காலத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே நில அதிர்வுப் பதிகருவி இங்கு நிறுவப்பட்டது. 1970களின் பிற்பகுதியில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் துணையுடன், சுரங்கத்தின் பல இடங்களில் ஜியோஃபோன் எனப்படும் அதிர்வு உணரிகள் பொருத்தப்பட்டு, அவை தரும் குறிப்புகள் ஓரிடத்தில் திரட்டப்பட்டன. அதே மையம், அந்நாளில் கோலார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த கௌரிபிதனூரில் 1965ஆம் ஆண்டிலேயே நில அதிர்வு உணரிகளின் அணி ஒன்றை அமைத்திருந்தது. 1988ஆம் ஆண்டு தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் தங்கவயலில் தோற்றுவிக்கப்பட்டமையும் இவ்வனுபவத்தின் தொடர்ச்சியே எனலாம்.

ஓர் அதிர்வு தோன்றிய இடத்தை எவ்வாறு கணிப்பது? கடினமான பாறையில் முதன்மை அதிர்வலை விநாடிக்கு ஏறத்தாழ 6 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். வெவ்வேறு இடங்களிலுள்ள உணரிகளை அது வந்தடையும் நேர வேறுபாட்டைக்கொண்டு தோற்றுவாய் கணக்கிடப்படுகின்றது. நேரக் கணக்கில் ஆயிரத்தில் ஒரு விநாடி பிழை நேர்ந்தாலும் தொலைவில் 6 மீட்டர் பிழை ஏற்படும். எனவே, உணரிகள் பலவாக இருத்தல் வேண்டும். அவை யாவும் ஒரே கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டிருத்தல் வேண்டும். இவ்விரு தேவைகளும் இன்றைய கம்பியில்லா வலையமைப்புகளுக்கும் பொருந்துவன.

நிறுவனம் நின்றபோது

மைசூர் மாநில அரசு 1956இல் ஏற்றுக்கொண்ட சுரங்கங்கள் 1962இல் மத்திய அரசின் பொறுப்புக்கு வந்தன. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவாயிற்று. தாதுவின் தரம் குறைந்து, உற்பத்திச் செலவு வருவாயை விஞ்சியதால், 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. நீரிறைக்கும் எந்திரங்கள் ஓய்ந்தபின் ஆழ்பாதைகளில் நீர் நிறைந்தது. ஆழத்தில் கருவிகளை வைத்துப் பேணும் வசதியும் அத்துடன் மறைந்தது.

ஆனால், கண்காணிக்க வேண்டிய தேவை மறையவில்லை. வெற்றிடங்களில் நீர் நிறையும்போது பாறையின் அழுத்தநிலை மாறுகின்றது. சுரங்கம் மூடிய பின்னரும் இப்பகுதியில் சிற்றதிர்வுகள் உணரப்பட்டுள்ளன. ஊரார் ‘சயனைடு மலை’ என்றழைக்கும் கழிவு மேடுகள் பதின்மூன்று. அவற்றில் 3 கோடி டன்னுக்கும் மிகுதியான அரைத்த மண் குவிந்து கிடக்கின்றது. காற்று வீசுங்கால் அதன் தூசி குடியிருப்புகளை நோக்கிப் பறக்கின்றது. மழைக்காலத்தில் சரிவுகள் அரிக்கப்பட்டு வண்டல் கீழே இறங்குகின்றது. இம்மேடுகளில் எஞ்சியுள்ள தங்கத்தைப் பிரித்தெடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024இல் இசைவளித்தது. மேடுகளை மீண்டும் தோண்டும் நாள் வரும்போது கண்காணிப்பின் அவசியம் மேலும் கூடுமேயன்றிக் குறையாது.

இங்கே ஊன்றிக் கவனிக்க வேண்டிய உண்மை ஒன்று உண்டு. நிறுவனத்தின் மின்சாரத்தையும் சம்பளப் பட்டியலையும் நம்பியிருக்கும் கண்காணிப்பு, நிறுவனத்துடனேயே மடிந்துவிடும். நிறுவனத்துக்குப் பின்னும் நிலைக்க வேண்டிய கண்காணிப்பு, தன்னுடைய சிறு கைப்பொருளைக்கொண்டே வாழக் கற்க வேண்டும். மிகக் குறைந்த மின்சாரத்தில் இயங்கும் கருவி என்பது பொறியாளரின் விருப்பப் பொருள் அன்று. இத்தகைய ஊர்களின் தேவை.

கருவியின் உறுப்புகள்

கம்பியில்லா உணரிக் கணு ஒன்றில் ஐந்து உறுப்புகள் உள்ளன. வெப்பம், ஈரம், சாய்வு, அதிர்வு, நீரழுத்தம் போன்றவற்றை அளக்கும் உணரி. அளவைக் கணித்துச் சேமிக்கும் நுண்கட்டுப்படுத்தி. செய்தியை அனுப்பவும் பெறவும் உதவும் வானொலிப் பகுதி. நேரத்தைக் காட்டும் படிகக் கடிகாரம். இவை யாவற்றுக்கும் ஆற்றல் வழங்கும் மின்கலம் ஆகியவை அவை. இத்தகைய கணுக்கள் பல, ஒன்றிடமிருந்து ஒன்று செய்தியைப் பெற்றுக் கைமாற்றி மைய நிலையத்தில் சேர்ப்பதே வலையமைப்பு.

1990களின் இறுதியில் அமெரிக்காவின் பெர்க்கிலியிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் இத்துறை ஆய்வுகள் வேகம் பெற்றன. 2002ஆம் ஆண்டு மெய்ன் மாநிலக் கடற்கரையை ஒட்டிய கிரேட் டக் தீவில், கடற்பறவைகளின் வளைகளைக் கண்காணிக்க இத்தகைய கணுக்கள் வைக்கப்பட்டன. மனிதர் அடிக்கடி சென்றால் பறவைகள் கூட்டைவிட்டு அகன்றுவிடும் என்பதால், ஆளில்லாமல் பல மாதங்கள் இயங்கும் கருவி அங்கே கட்டாயமாயிற்று. வடிவமைப்பின் மையச் சிக்கல் மின்சாரமே என்பது அந்நாள் முதலே தெளிவாயிற்று.

வரவு செலவுத் திட்டம்

மின்சிக்கன வடிவமைப்பை ஒரு குடும்பத்தின் வரவு செலவுத் திட்டத்துடன் ஒப்பிட்டால் அதன் தன்மை எளிதில் விளங்கும். வரவு ஒரு முறைதான்: தொடரில் இணைத்த இரண்டு சாதாரண ஏஏ அளவு அல்கலைன் மின்கலங்கள், 3 வோல்ட் அழுத்தத்தில் சுமார் 2,500 மில்லி ஆம்பியர் மணி அளவு மின்சாரம் தரும். முழுவதும் பயனாகாது என்பதால், அதில் 70 விழுக்காடான 1,750 மட்டுமே கைவசம் உள்ளதெனக் கொள்வது விவேகம்.

இனிச் செலவைக் காண்போம். வானொலிப் பகுதி செய்தியை எதிர்பார்த்துக் கேட்டுக்கொண்டிருக்கும்போது சுமார் 20 மில்லி ஆம்பியர் மின்சாரம் கொள்ளும் எனக் கருதுவோம். அதனை எப்போதும் விழித்திருக்கச் செய்தால், கைவசமுள்ள மின்சாரம் 88 மணி நேரத்தில், அதாவது நான்கு நாட்களுக்குள் தீர்ந்துவிடும். ஆகவே, கருவி தன் வாழ்நாளின் பெரும்பகுதியைத் துயிலில் கழிக்க வேண்டும்.

பத்து நிமிடங்களுக்கு ஒரு முறை விழித்தெழும் கணு ஒன்றை எடுத்துக்கொள்வோம். உணர்வதற்கு 50 மில்லி விநாடி, 3 மில்லி ஆம்பியர். கணிப்பதற்கு 20 மில்லி விநாடி, 2 மில்லி ஆம்பியர். அனுப்புவதற்கு 30 மில்லி விநாடி, 20 மில்லி ஆம்பியர். மறுமொழி கேட்பதற்கு 100 மில்லி விநாடி, 20 மில்லி ஆம்பியர். எஞ்சிய நேரம் முழுதும் துயிலில் 5 மைக்ரோ ஆம்பியர். மின்னோட்டத்தை நேரத்தால் பெருக்கினால், உணர்தலுக்கு 0.15, கணித்தலுக்கு 0.04, அனுப்புதலுக்கு 0.60, கேட்டலுக்கு 2.00, துயிலுக்கு 3.00 என மொத்தம் 5.79 மில்லி ஆம்பியர் விநாடி ஆகின்றது. பத்து நிமிடங்களுக்கு இதனைப் பகிர்ந்தால், சராசரிச் செலவு 10 மைக்ரோ ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு. கைவசமுள்ள மின்சாரம் ஏட்டளவில் இருபது ஆண்டுகளுக்குப் போதும். மின்கலம் தானே முதுமையுற்றுக் கசிவதால், நடைமுறையில் பத்தாண்டு என்பதே நியாயமான எதிர்பார்ப்பு.

இக்கணக்கு இரண்டு செய்திகளைத் தெரிவிக்கின்றது. முதலாவது, கணிப்பது மலிவு, பேசுவது விலையுயர்ந்தது. பேசுவதினும் காத்திருந்து கேட்பது பெருஞ்செலவு. இரண்டாவது, மொத்தச் செலவில் பாதிக்கு மேல் கருவி ஒன்றும் செய்யாதிருக்கும் நேரத்திற்கே போகின்றது. எனவே, விழிப்பு நேரத்தை மேன்மேலும் சுருக்குவதால் மட்டும் பயன் வராது. துயிலின் செலவைக் குறைப்பதே அடுத்த படி.

கண்ணுக்குத் தெரியாத கசிவுகள்

வீட்டுக் கணக்கில் பெருஞ்செலவுகளை எவரும் கவனிப்பர். நாள்தோறும் ஒழுகும் சில்லறைச் செலவே குடும்பத்தைக் குலைக்கும். மின்சுற்றிலும் அவ்வாறே. மின்கல அழுத்தத்தை அளப்பதற்கென இரண்டு 100 கிலோ ஓம் மின்தடைகளை நிரந்தரமாகக் குறுக்கே இணைத்துவிட்டால், அவ்வழியே எந்நேரமும் 15 மைக்ரோ ஆம்பியர் ஓடும். மேற்கூறிய கருவியின் முழுச் செலவைக் காட்டிலும் இது மிகுதி. இருபது ஆண்டு என்ற கணக்கு எட்டாண்டாகிவிடும். ஒரு 10 கிலோ ஓம் மின்தடையின் வழியே, துயிலின்போது நுண்கட்டுப்படுத்தியின் முனையொன்று மின்னோட்டத்தை இழுத்துக்கொண்டிருந்தால், 300 மைக்ரோ ஆம்பியர் வீணாகும். கருவியின் ஆயுள் எட்டு மாதங்களுக்கும் கீழே இறங்கும். பழைய பாணி மின்னழுத்தச் சீராக்கி, தன் சொந்தப் பணிக்கென்றே 5 மில்லி ஆம்பியர் அளவில் எடுத்துக்கொள்வது. அதனைப் பயன்படுத்தினால் ஆயுள் இரண்டு வாரமே. ‘இயங்குகின்றது’ என்பதைக் காட்ட வைக்கப்படும் சிறு விளக்கும் இவ்வரிசையைச் சேர்ந்ததே.

இதனால் வடிவமைப்பாளர் சில நெறிகளைக் கைக்கொள்கின்றனர். அளக்கும்போது மட்டும் உணரிக்கு மின்சாரம் வழங்கி, அளந்தவுடன் துண்டிக்கும் மின்விசை ஒவ்வோர் உணரிக்கும் வைக்கப்படுகின்றது. அழுத்தமளக்கும் மின்தடைகளும் அவ்வாறே இணைக்கப்படுகின்றன. பயன்படாத முனைகள் யாவும் திட்டவட்டமான நிலையில் நிறுத்தப்படுகின்றன. தனக்கென ஒரு மைக்ரோ ஆம்பியர் அளவே கொள்ளும் சீராக்கிகள் தெரிந்தெடுக்கப்படுகின்றன. துயிலிலிருந்து சில மைக்ரோ விநாடிகளில் எழுந்து பணியேற்கும் நுண்கட்டுப்படுத்திகள் விரும்பப்படுகின்றன. எழுவதற்கே காலம் எடுக்கும் கருவி, பணி தொடங்கும் முன்பே கூலி பெறும் பணியாளைப் போன்றது. வெப்பம் உயர உயரக் கசிவும் உயருமாதலால், ஆய்வுக்கூடத்தின் குளிர்ந்த அறையில் அளந்த துயில்மின்னோட்டத்தை நம்பாமல், வெயிலில் காயும் பெட்டிக்குள் அளந்து பார்ப்பதும் அவசியமாகும்.

கடிகாரமும் அலைவரிசையும்

கேட்கும் நேரம் ஏன் 100 மில்லி விநாடி நீள வேண்டும் என வினவலாம். விடை கடிகாரத்தில் உள்ளது. கைக்கடிகாரங்களில் பயன்படும் 32,768 ஹெர்ட்ஸ் படிகம், பத்து இலட்சத்தில் 20 பங்கு வரை பிழைபடக்கூடும். நாளொன்றுக்கு இது 1.7 விநாடி. இரண்டு கணுக்களின் கடிகாரங்கள் எதிரெதிர்த் திசையில் பிழைபட்டால், பத்து நிமிடத்தில் 24 மில்லி விநாடி வேறுபாடு தோன்றும். முந்தியோ பிந்தியோ வரக்கூடிய செய்தியைத் தவறவிடாதிருக்க, பெறுங்கணு குறித்த நேரத்துக்கு முன்பே விழித்து, பின்னரும் சற்றே காத்திருக்க வேண்டியுள்ளது. கடிகாரத்தின் துல்லியத்தை உயர்த்தினால் காத்திருக்கும் செலவு குறையும். நேரத்தில் செய்யும் முதலீடு மின்சாரத்தில் இலாபமாகத் திரும்பிவருகின்றது.

அலைவரிசைத் தேர்வும் பொருளாதாரத் தீர்மானமே. இந்தியாவில் 865 மெகாஹெர்ட்சில் தொடங்கும் அலைவரிசைப் பட்டை, குறைந்த ஆற்றல் கருவிகளுக்கு 2005ஆம் ஆண்டு முதல் உரிமக் கட்டணமின்றித் திறந்துவிடப்பட்டுள்ளது. லோரா முறையில் இப்பட்டையைப் பயன்படுத்திச் சில கிலோமீட்டர் தொலைவுக்குச் செய்தி அனுப்பலாம். எனினும், தொலைவு இலவசமாகக் கிடைப்பதன்று. இருபது எழுத்தளவான ஒரு செய்தி, மிக விரைவான நிலையில் ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்கு அளவுக்குள் முடியும். மிகத் தொலைவு எட்டும் நிலையிலோ ஒரு விநாடிக்கும் மேல் நீளும். மின்செலவும் அதே விகிதத்தில் இருபது மடங்குக்கு மேல் உயரும். கணுவை மேட்டின் உச்சியில் வைத்து, வான்கம்பியை இரண்டு மீட்டர் உயர்த்துவதால் கிடைக்கும் ஆதாயம், விலையுயர்ந்த மின்கலத்தால் கிடைப்பதைவிடப் பெரிதாகலாம். ஆழ்சுரங்கத்துக்குள் இவ்வலைகள் பாறையை ஊடுருவிச் செல்லமாட்டா. அங்கே கம்பியே ஏற்றது. கம்பியில்லா முறைக்கு உரிய களம் தரைமட்டம்தான்.

அளக்கும் பொருளுக்கேற்ற கருவி

எல்லாவற்றையும் ஒரே வகையில் அளக்க இயலாது. மண்ணின் ஈரம் மெல்ல மாறுவது. இந்திய அறிவியல் கழகமும் சுவிட்சர்லாந்தின் லோசான் கூட்டாட்சிப் பல்தொழில்நுட்பக் கல்லூரியும் இணைந்து, 2000களின் நடுவில், வறட்சிமிக்க பாவகடா வட்டத்துச் சிற்றூர் ஒன்றில் வேளாண்மைக்காக உணரி வலையமைப்பை அமைத்தன. அத்தகைய பணியில் சில நிமிடங்களுக்கு ஒரு முறை அளந்தால் போதும், துயில் நீண்டிருக்கலாம். கழிவு மேட்டினுள் நீரழுத்தத்தை அளக்கும் அதிர்கம்பி உணரியும் சிக்கனமானதே. இறுக்கிக் கட்டிய கம்பி ஒன்றை நொடிப்பொழுது மீட்டி, அதன் அதிர்வெண்ணைக்கொண்டு அழுத்தத்தை அறியும் இவ்வுணரிக்கு இடைநேரத்தில் மின்சாரமே தேவையில்லை.

பாறை அதிர்வின் நிலை வேறு. அது எப்போது வரும் என்று எவரும் அறியார். துயிலும் காவலாளி திருடனைப் பிடிக்க இயலாது. இங்கே ஜியோஃபோனின் இயல்பு கைகொடுக்கின்றது. காந்தமும் கம்பிச்சுருளும் கொண்ட அக்கருவி, நிலம் அதிரும்போது தானே மின்னழுத்தத்தைத் தோற்றுவிப்பது. ஒரு மைக்ரோ ஆம்பியருக்கும் குறைவாகக் கொள்ளும் ஒப்பீட்டுச் சுற்று ஒன்றை மட்டும் விழித்திருக்கச் செய்து, அதிர்வு வரம்பை மீறும்போது ஏனையவற்றை எழுப்பலாம். ஆனால், எழுவதற்குள் அதிர்வின் முதல் துடிப்பு கடந்துவிடும்; தோற்றுவாயைக் கணிக்க உதவுவதோ அம்முதல் துடிப்பே. ஆகவே, இடத்தைத் துல்லியமாக அறிய வேண்டிய சில கணுக்களையேனும் எந்நேரமும் விழிப்பில் வைக்க வேண்டியுள்ளது. தொடர்ந்து 5 மில்லி ஆம்பியர் கொள்ளும் அத்தகைய கணுவுக்கு நாளொன்றுக்கு 0.4 வாட் மணி வேண்டும். உள்ளங்கை அளவான ஒரு வாட் சூரியப் பலகை நல்ல வெயிலில் இதனினும் பல மடங்கு தரும். சயனைடு மலையின் தூசி அதன்மீது படிவதும், மழைக்காலத்தில் கதிரவன் பல நாள் மறைவதும் கணக்கில் கொள்ளப்பட்டு, பலகையும் சேமிப்புக் கலமும் சற்றே பெரியவையாக அமைக்கப்படல் வேண்டும். சிலவற்றை விழிக்கச் செய்து பலவற்றைத் துயிலச் செய்யும் இக்கலப்பு முறையே அறிவுடைமை.

மூணாற்றில் கிடைத்த அனுபவம்

இக்கோட்பாடுகள் நடைமுறையில் சோதிக்கப்பட்ட இடம் கேரளத்தின் மூணாறு. அமிர்தா பல்கலைக்கழகத்தினர் 2008ஆம் ஆண்டையொட்டி, அங்குள்ள அந்தோணியார் குடியிருப்பின் சரிவில் நிலச்சரிவை முன்னறிவதற்கான வலையமைப்பை நிறுவினர். நீரழுத்தம், மண் ஈரம், சாய்வு, அதிர்வு ஆகியவற்றை அளக்கும் சுமார் 50 உணரிகளும் 20 கம்பியில்லாக் கணுக்களும் அதில் இடம்பெற்றன. வறண்ட காலத்தில் அரிதாகவும், மழை மிகுந்து நீரழுத்தம் உயரும்போது அடுத்தடுத்தும் அளக்கும் முறையை அவர்கள் வகுத்தனர். ஆபத்து இல்லாதபோது சேமித்து, ஆபத்து நெருங்கும்போது செலவிடுதல் என்பதே அதன் சாரம். 2009ஆம் ஆண்டுப் பருவமழையின்போது எச்சரிக்கை விடுக்க இவ்வமைப்பு உதவிற்று.

ஆயினும், ஒரு சரிவில் வைத்த கருவி மற்றொரு சரிவைக் காக்காது. 2020ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு, மூணாறை அடுத்த பெட்டிமுடியில் தேயிலைத் தோட்டக் குடியிருப்பின்மீது சரிந்த மலை 70 உயிர்களைக் கொண்டுபோயிற்று. அவர்களுள் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளரும் அவர்தம் பிள்ளைகளும் ஆவர். கண்காணிப்பு எத்தனை சரிவுகளுக்கு எட்டும் என்பதை முடிவு செய்வது, ஒரு கணுவை வாங்கும் விலை மட்டுமன்று. அதனை ஆண்டாண்டாகப் பேணும் செலவுமாகும்.

பேணும் செலவே பெருஞ்செலவு

இங்கேதான் மைக்ரோ ஆம்பியரும் அரசின் நிதித் திட்டமும் சந்திக்கின்றன. கழிவு மேடுகளையும் பழைய சுரங்க வாய்களையும் சுற்றி 200 கணுக்கள் வைக்கப்படுவதாகக் கொள்வோம். மின்கலத்தின் ஆயுள் ஓராண்டாயின், ஆண்டுக்கு 200 முறை ஒருவர் சென்று கலத்தை மாற்ற வேண்டும்; ஏறத்தாழ ஒவ்வொரு வேலை நாளும் ஒரு பயணம். ஆயுள் பத்தாண்டாயின் ஆண்டுக்கு 20 பயணங்களே போதும். முதல் வகையில் ஒரு நிரந்தரப் பணியிடமும் வாகனமும் தேவை. இரண்டாம் வகையில் ஏற்கெனவே உள்ள அலுவலர் ஒருவர் தம் ஏனைய பணிகளுக்கிடையே இதனையும் முடித்துவிடலாம். மின்தடை ஒன்றைத் தவறான இடத்தில் வைப்பதற்கும் வைக்காதிருப்பதற்கும் உள்ள வேறுபாடு, ஒரு பணியிடத்தின் ஆண்டுச் சம்பளமாக உருவெடுக்கின்றது.

நீண்ட ஆயுளுக்கு லித்தியம் தையோனைல் குளோரைடு வகைக் கலங்கள் ஏற்றவை. அவை 3.6 வோல்ட் அழுத்தமும், அறை வெப்பத்தில் ஆண்டுக்குச் சுமார் ஒரு விழுக்காடே தற்கசிவும் உடையவை. எனினும், நெடுநாள் ஓய்விலிருந்தபின் திடீரெனப் பெரிய மின்னோட்டத்தைத் தருவதில் அவை தயங்கும்; வானொலிப் பகுதி கேட்பதோ அதையே. கலத்துக்குத் துணையாக ஒரு மின்தேக்கியை இணைத்து, மெல்லச் சேர்த்து விரைந்து செலவிடும் வழியால் இக்குறை நீக்கப்படுகின்றது.

கொள்முதல் விதிகளும் இதற்கேற்பத் திருந்துதல் நலம். ஒப்பந்தப்புள்ளியில் கருவியின் விலையை மட்டும் ஒப்பிட்டால், துயிலில் 5 மைக்ரோ ஆம்பியர் கொள்ளும் கணுவும் 300 மைக்ரோ ஆம்பியர் கொள்ளும் கணுவும் ஒரே தகுதியுடையனவாகத் தோன்றும், மலிவானதே தேர்வாகும். துயில்மின்னோட்டம், உயர்வெப்பத்தில் அதன் அளவு, பத்தாண்டுப் பேணும் செலவு ஆகியவற்றையும் ஒப்பந்தப்புள்ளியில் கேட்டுப் பெற்றால், உண்மையில் மலிவானது எது என்பது வெளிப்படும். பொறியியல் மாணவர்களும் தம் செயற்பாட்டுத் திட்டங்களில் கருவி இயங்குகின்றதா என்பதுடன் நில்லாது, உறங்கும்போது எவ்வளவு கொள்கின்றது என்பதை நுண்ணளவியால் அளந்து எழுதப் பழகுதல் வேண்டும்.

கோலார் தங்கவயல் தன் வாழ்நாளில் நாட்டுக்கு ஏறத்தாழ 800 டன் தங்கம் வழங்கியது. தங்கம் எடுக்கப்பட்ட காலத்தில் பாறையின் ஒலியைக் கேட்கக் கருவிகள் இருந்தன; ஏனெனில், கேட்பதற்கான செலவைத் தங்கம் ஏற்றது. இன்று அச்செலவை ஏற்கத் தங்கம் இல்லை. மக்கள் மட்டும் அங்கேயே உள்ளனர். வருவாய் தராத நிலத்தில் வாழ்வோருக்கும் பாதுகாப்பு எட்ட வேண்டுமெனில், அப்பாதுகாப்பு ஆண்டுக்காண்டு எவரிடமும் கையேந்தி நிற்காத அளவுக்குச் சிக்கனமானதாக அமைதல் வேண்டும். மின்சிக்கன வடிவமைப்பின் சமூகப் பயன் இதுவேயாகும்.